வாரத்துக்கு வந்த கோழி

கோழி மேல் ஆசைப்பட்டு நான் கோழி வளர்க்கவில்லை. என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களைச் சேர்த்து வைக்க நான் செய்து பார்த்த எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கோழி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இன்னும் தீராமல்தான் கிடக்கிறது.

சண்டை வந்த விதம் இது. 2005 தை மாதம், சிதம்பரத்துக்கு வெளியே சேத்தியாத்தோப்பு போகிற பக்கம், நெல் வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். இவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். நான் தனியார் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர். இவருக்கு இருப்பது ஒரே அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவருக்குத் தலை வாரிவிட்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்த அக்காதான். எனக்கு அண்ணி. கல்யாணமாகி கடலூர் முதுநகரில் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் முதலில் விளக்கை ஏந்திக்கொண்டு போவது கூடப் பிறந்தவள்தான். கிரகப்பிரவேசத்தன்று அண்ணி விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இங்கே பெரியவர்கள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று இவரை நச்சரித்தார்கள். இவரும் சரி என்று தலையாட்டினார். பெரியப்பா மகள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரை மணி கழித்து அண்ணி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்தார். சீர்த்தட்டைப் பந்தலில் கிடந்த ஒரு நாற்காலி மேல் வைத்தார். எல்லாம் ஆயிடுச்சா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார். இவர் ஹோமத்துப் புகையில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்து பார்த்தபோது தெருவில் ஆள் இல்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. பஸ் நின்றுபோனால் என்ன செய்ய முடியும், அது ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று அண்ணி கேட்டார். அத்தனை பேர் பார்க்க வாசலோடு திரும்பிப் போய் என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று இவர் சொன்னார். நான் பொங்கலுக்குக் கூப்பிட்டேன், தீபாவளிக்குக் கூப்பிட்டேன். அண்ணி வருகிறேன் என்பார், வரமாட்டார். சொந்தக்காரர் கல்யாணங்களில் ஒருவர் முதல் பந்தி என்றால் மற்றவர் இரண்டாம் பந்தி. இவரோ, நேரமாகிவிட்டதென்றால் நான் என்ன செய்வது என்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் பெரிய மழை பெய்தால் கடலூரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பேப்பரில் முதலில் பார்ப்பதும் இவர்தான். பாசத்தை இப்படி ஒளித்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

எனக்குத் தாய்வீடும் கடலூர்தான். 2006 பங்குனியில் அம்மாவைப் பார்க்கப் போனவள் அப்படியே முதுநகருக்கும் போனேன். அண்ணி வீட்டுக் கொல்லையில் எப்போதும் கோழிகள் மேயும். காப்பி குடித்துக்கொண்டே, எனக்கு ஒரு பெட்டைக் கோழியை வாரத்துக்கு விடுங்கள் அண்ணி என்று கேட்டேன்.

வாரத்துக்கு விடுவது எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழக்கம். ஒருத்தர் தன் கோழியை இன்னொருத்தர் வீட்டில் விடுவார். வாங்கியவர் தீனி போட்டு, அடை வைத்து, குஞ்சுகளை வளர்க்க வேண்டும். சேவல் குஞ்சு கூவத் தொடங்கியதும் ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி கொடுத்தவருக்கே சொந்தம். பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வளர்த்தவர் இரண்டு பங்காகப் பிரித்து வைப்பார். கொடுத்தவர் தனக்கு எந்தப் பங்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஆனால் ஒன்று, கொடுத்தவர் வளர்த்தவர் வீட்டுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. நான் கணக்குப் போட்டது அதைத்தான்.

அண்ணிக்கு அது புரியாமல் இருக்குமா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் வூட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"தெரிஞ்சா கத்துவான்."

"கோழிதான அண்ணி. கோழியோடயுமா பேசாம இருப்பாரு?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். கொல்லைக்குப் போய் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் தொங்கிவிட்டது. கழுத்தறுத்தான் வகை. கழுத்தில் ஓர் இறகு கிடையாது. சிவந்த வெறும் தோல்தான். அத்தனை அழகான செவலைக் கோழிகள் மேயும்போது, தம்பி வீட்டுக்கு என்று பொறுக்கி எடுத்தது இதையா என்று நினைத்தேன். அண்ணி அதன் காலில் தன் வீட்டு அடையாளமாக ஒரு பச்சைத் துணியைக் கிழித்துக் கட்டி, மூங்கில் கூடையில் போட்டு, மேலே சாக்கை மூடித் தைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அது என் மடியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

இவர் டெப்போவிலிருந்து வந்து கூடையைப் பார்த்தார், கோழியின் காலில் இருந்த துணியைப் பார்த்தார். அக்கா வீட்டுக் கோழியா என்று கேட்டார். வாரத்துக்கு வாங்கியிருக்கிறேன் என்றேன். வாரம் என்றதுமே அவருக்கும் விளங்கிவிட்டது. கை கழுவப் போனார். கத்தவில்லை. அதுவே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

மறுநாளே கூடு கட்டத் தொடங்கிவிட்டார். மெக்கானிக் கட்டுகிற கூடு எப்படி இருக்கும்? நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், வெல்டிங் வைத்த சட்டம், பஸ் கதவில் இருப்பது மாதிரி ஒரு தாழ்ப்பாள். ஹாரன் ஒன்றுதான் பாக்கி. மழைக்கு ஒரு சொட்டு உள்ளே போகாது என்று தட்டிக்காட்டினார். போகாதுதான். காற்றும் போகவில்லை. சித்திரை பிறந்ததும் அது கூடாக இல்லை, அடுப்பாக இருந்தது. பதினோரு மணிக்குத் தகரத்தில் கை வைத்துவிட்டு அப்பா என்று இழுத்துக்கொண்டேன்.

கடலூரும் சிதம்பரமும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான், ஆனால் வெயில் வேறு. முதுநகரில் மத்தியானம் திரும்பினால் கடல் காற்று வந்துவிடும். மண்ணும் மணல், ஊற்றிய தண்ணீர் அந்த நிமிஷமே இறங்கிவிடும். எங்கள் மனை பழைய வயல். களிமண். வெயிலில் கல்லாகிவிடும், தண்ணீர் பட்டால் பசையாகிவிடும். காற்று அசையாது. வேர்வை வழியுமே தவிர காயாது. இதெல்லாம் தெரியாமல் நான் அண்ணி வீட்டில் பார்த்ததை அப்படியே செய்தேன். அவர் கொல்லையில் தண்ணீர் தெளிப்பார், நானும் தெளித்தேன். கொல்லை சேறானதுதான் மிச்சம். கூட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். உள்ளே புழுக்கம் இன்னும் ஜாஸ்தியாகி, கோழி வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது.

அந்தச் சித்திரையிலேயே கோழி அடைக்கு உட்கார்ந்தது. எதிர் வீட்டுச் சேவலின் தயவில் முட்டைக்குக் குறைவில்லை. எனக்கு அவசரம். குஞ்சு பொரித்தால்தானே அண்ணி வருவார். ஒரு கூடையில் மண் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, சாஸ்திரப்படி அடை வைத்தேன். பொரிய வேண்டிய நாள் தாண்டியும் ஒரு சத்தம் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் முட்டை ஒன்று தானாக வெடித்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லாமே கூமுட்டை. கொல்லைக் கோடியில் புதைத்துவிட்டு வந்து போனில் சொன்னேன். சித்திரை வெயிலில் யாராவது அடை வைப்பார்களா என்று அண்ணி திட்டினார். அப்புறம் கொஞ்சம் தணிந்து, பொங்கலுக்கு மேல் வை என்றார். அந்த வருஷம் அவர் வருவது அதோடு போயிற்று.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒழுங்காகக் கோழி வளர்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் வேலையாகத் தகரச் சுவர்களைப் பிரிக்கச் சொன்னேன். இவர் முறைத்துக்கொண்டே மூன்று பக்கம் பிரித்துக் கம்பி வலை அடித்தார். மேலே கீற்று வேய்ந்தோம். கூட்டைத் தரையிலிருந்து தூக்கிக் கால் வைத்து நிறுத்தினார். அதற்கப்புறம் அடியிலும் காற்று ஓடியது. தண்ணீரை பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மண் சட்டிக்கு மாற்றினேன். மத்தியானத்தில் தீனி போடுவதில்லை. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான். பழைய சோற்று நீராகாரத்தில் சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு வைப்பேன். முதலில் நான் முகம் சுளித்த கழுத்தறுத்தானுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது. எதிர் வீட்டுச் செவலைக் கோழிகள் வெயிலில் சுருண்டு கிடக்கும்போது இது வெறுங்கழுத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உலாத்தும். அண்ணி தம்பி வீட்டுக்கு என்று பொறுக்கித்தான் எடுத்திருக்கிறார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கோழிக்கு மண்ணில் புரண்டால்தான் உடம்பில் பேன் அண்டாது. எங்கள் களிமண்ணை அது கால் தேயக் கிளறும், பொடி எழாது. வாலடியிலும் இறக்கைக்கு அடியிலும் பேன் ஏறிவிட்டது. இதை அண்ணியிடம் போனில் ஒரு பேச்சாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து இவர் டெப்போவிலிருந்து வரும்போது டிவிஎஸ் வண்டியின் முன்னால் ஒரு மூட்டை இருந்தது. முதுநகர் மணல். அண்ணி ஒரு கண்டக்டர் கையில் கொடுத்து, சிதம்பரம் டெப்போவில் என் தம்பியிடம் சேர்த்துவிடு என்று அனுப்பியிருக்கிறார். ஊரில் எல்லோரும் கண்டக்டர் கையில் மாத்திரை, கருவாடு, கல்யாணப் பத்திரிகை என்று கொடுத்து அனுப்புவார்கள். மணல் அனுப்பியவர் எனக்குத் தெரிந்து எங்கள் அண்ணி ஒருத்திதான். டெப்போ முழுக்கச் சிரித்தார்களாம். இவர் மூட்டையைக் கொல்லையில் அவிழ்த்து, வேப்பங்கன்று நிழலில் கொட்டி, கையாலேயே பரப்பிவிட்டார். கோழி ஓடி வந்து அதில் விழுந்து புரண்டது. இவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுக்களையிலிருந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னமோ அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலம் முழுக்கக் கோழி பின்கட்டு ஓரத்தில் எங்களோடு குடும்பம் நடத்தியது. பொங்கல் முடிந்து அடை வைத்தேன். பனிக்காலத்து முட்டை ஏமாற்றவில்லை. குஞ்சுகள் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டிய அன்று நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். பருந்துக்கும் காக்காய்க்கும் கீரிக்கும் போக எட்டோ என்னமோ நின்றன. அவற்றில் பாதி தாயைப் போலவே வெறுங்கழுத்து. இவர் அந்தப் பக்கமே போகாதவர் மாதிரி நடிப்பார். ஆனால் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல், குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரத்தைத் தூக்கி எண்ணிப் பார்ப்பார். டெப்போ பக்கத்தில் எங்கோ கரையான் புற்றைத் தோண்டி டிபன் பாக்ஸில் கொண்டு வந்து குஞ்சுகளுக்குக் கொட்டுவார். மறுநாள் அதே டிபன் பாக்ஸில் எனக்குத் தயிர்சாதம் கட்டத் தோன்றுமா? புதிதாக ஒன்று வாங்கினோம். தடுப்பூசிக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். அண்ணி வர வேண்டுமென்றால் இவை உயிரோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

2007 மே மாதம் பள்ளி விடுமுறை. அந்தக் கத்தரி வெயிலில் தாய்க்கோழி திரும்பவும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடியில் ஒரு முட்டை கூட இல்லை, வெறும் கூடையைக் காத்துக்கொண்டு கிடந்தது. அடைப் பிடிவாதம் பிடித்த கோழி தண்ணீருக்குக் கூட எழுந்திருக்காது. நான் தூக்கி வெளியே விடுவேன், திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் கரண்ட் போன மத்தியானம். நானே புழுக்கம் தாங்காமல் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தேன். சாப்பிட வந்த இவர் கொல்லைப் பக்கமிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கோழி கூடையை விட்டு விழுந்து கிடக்கிறது. கழுத்து தரையோடு நீண்டிருந்தது. கண் செருகியிருந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். இவர் அதை வாங்கவில்லை. என் இன்னொரு கையிலிருந்த போனைப் பிடுங்கினார். எந்த நம்பரை அழுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. இவர் பேசியதைக் கேட்டபிறகுதான் தெரிந்தது.

"அக்கா, நான்தான். கோழி சாவுதுக்கா."

அண்ணியின் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு வந்தது.

"தல மேல தண்ணி ஊத்தாத. கால மட்டும் நனை. நெழலுக்குத் தூக்கிக்கிட்டு வா. வாயில சொட்டு சொட்டா வுடு, ஊத்திடாத."

இவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னபடி செய்தார். வேப்பங்கன்று நிழலில், கால்களை வாளித் தண்ணீரில் விட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை விரலால் தொட்டு அலகில் விட்டார். நான் முறத்தால் விசிறினேன். ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. போனை யாரும் வைக்கவில்லை. பிறகு கோழி கழுத்தைத் தூக்கியது. தூக்கிடுச்சி என்று இவர் போனில் சொன்னார்.

"நீ சாப்டியா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லக்கா."

போய் சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் அண்ணி போனை வைத்துவிட்டார். இவர் சாப்பிடவில்லை. கோழி பக்கத்திலேயே கைலியோடு தரையில் உட்கார்ந்திருந்தார், டெப்போவுக்கு அரை நாள் லீவு சொன்னார். அன்று சாயங்காலம், அக்காவோடு பேசிவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று நான் வம்புக்கு இழுத்தேன். கோழிக்காகப் பேசினேன் என்றார். மறுநாள் நான் போன் செய்தபோது அண்ணியும் கோழி எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆடி மாதம் சேவல் குஞ்சுகளில் ஒன்று தொண்டையைக் கீறிக்கொண்டு கூவியது. பிரிக்க வாருங்கள் அண்ணி என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார். ஆடி மாதம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரிந்தது. வரட்டும் என்றார். அன்று காலையிலேயே முகச் சவரம் செய்துகொண்டு, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கூட்டுக்குள் நுழைந்து எச்சத்தைச் சுரண்டினார்.

அண்ணி வந்தார். வாசற்படிக்கு வரவில்லை. வீட்டை ஒட்டிய சந்து வழியாக நேராகக் கொல்லைக்கு வந்து துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி கொண்டு வந்து போட்டேன், வேண்டாம் என்றார். காப்பி என்றேன், அப்புறம் என்றார். இப்படியே கோழியை எடுத்துக்கொண்டு சந்து வழியாகவே போய்விட்டால் என் இரண்டு வருஷப் பாடு அத்தனையும் வீண். இனிக் கூப்பிடுவதற்கு என்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை.

இவர் இரண்டு கூடைகளைக் கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். நல்ல கனமான, முட்டையிடப்போகிற விடைக்கோழி ஒன்றை முதல் கூடையில் போட்டார். அடுத்ததையும் அதே கூடையில் போட்டார். சேவல்களையும் அதே கூடையில். கடைசியில் தாய்க்கோழியையும் அதிலேயே வைத்து மூடினார். இரண்டாவது கூடை காலியாகவே கிடந்தது. பிரிக்கத் தெரியாமல் செய்கிறாரா, புத்தி பேதலித்துவிட்டதா என்று நான் விழித்தேன்.

"என்னாடா இது?" என்றார் அண்ணி.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கக்கா. எனக்குப் பங்கு வேணாம்."

பெரிய மனது காட்டுவதாக அவருக்கு நினைப்பு. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த மனுஷனை என்ன செய்தால் தேவலை! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார். கத்தவில்லை. ரொம்பச் சின்னக் குரல்.

"எல்லாத்தையும் குடுத்தனுப்பிட்டியானா, அப்பறம் நான் எதைச் சொல்லிக்கிட்டுடா உன் வூட்டுக்கு வர்றது?"

இவர் அப்படியே நின்றார். கையிலும் வெள்ளைச் சட்டையிலும் கோழி எச்சம். நான் எதிர்பார்த்தது அந்தப் பழைய வசனத்தைத்தான். நேரமாகிவிட்டதென்றால் நான் என்ன செய்வது என்பார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"ஒண்ணும் சொல்லிக்க வேணாம்க்கா. சும்மா வா. அன்னைக்கி நான் உனக்காக நின்னிருக்கணும்."

அண்ணி எழுந்து வந்தார். கூடையின் மூடியைத் திறந்து, காலால் ஒரு தள்ளு தள்ளிக் கவிழ்த்தார். கோழிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து நாலா பக்கமும் சிதறி ஓடின. தாய்க்கோழி மட்டும் அவசரமில்லாமல் மணலுக்குப் போய்க் கிளற ஆரம்பித்தது.

"பிரிக்க வேணாம். இங்கியே வளரட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "காலைலேருந்து ஒண்ணும் சாப்புடலம்மா. உள்ள என்னா இருக்குது?"

குழாயடியில் கால் கழுவிக்கொண்டு அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வந்தார். மத்தியானம் வைத்த கருவாட்டுக் குழம்பு இருந்தது. நான் தட்டு எடுப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார். சோறு போட்டது, குழம்பு ஊற்றியது எல்லாம் அவர்தான்; கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் இல்லை. உப்பு ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே அண்ணி இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு அவர் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை ஒரு அறையைக் கூடப் பார்த்ததில்லை அல்லவா. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். ஜன்னல் சின்னதாக வைத்துவிட்டாய், காற்று எப்படி வரும் என்றார். சாமி மாடத்தை இந்தப் பக்கம் வைத்திருக்கலாம் என்றார். பரண் உயரம் போதாது, இந்தத் தரைக்கு இந்த நிறம் ஆகாது, எந்த மடையன் சொல்லி இதை வாங்கினாய் என்றார். அந்த வீட்டைப் பற்றி நான் ஒரு குறை சொன்னால் மூன்று நாள் முகம் கொடுக்காத மனுஷன், அக்கா பின்னாலேயே அறை அறையாகப் போய், ஒவ்வொன்றுக்கும் ஆமாக்கா, ஆமாக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.